ஏழு மணி லொகேஷன்

நெடுஞ்சாலை ரோந்துக்கு மேற்பார்வை அதிகாரி என்றால், நான் ஏதோ ஜீப்பில் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டு போகிறேன் என்றுதான் சொந்தக்காரர்கள் நினைக்கிறார்கள். என் நாத்தனார் ஒருமுறை கேட்டே விட்டாள்: "உங்களுக்கென்ன அண்ணி, ரோட்டுல போறது வர்றதைப் பார்த்துட்டு இருந்தாலே சம்பளம்." அன்றைக்குத்தான் மூன்று வண்டிகளின் முதலுதவிப் பெட்டிகளையும் கொட்டிக் கவிழ்த்து, காலாவதியான மருந்துகளைப் பொறுக்கி எறிந்துவிட்டு வந்திருந்தேன். கையெல்லாம் டிஞ்சர் நாற்றம். அவள் தட்டில் சாம்பாரை ஊற்றினேன்.

என் பொறுப்பில் இருந்தது தாம்பரத்தில் தொடங்கி ஊரப்பாக்கம் வரைக்குமான ஜி.எஸ்.டி. ரோடு. அதற்கு மூன்று ரோந்து வண்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு எஸ்.எஸ்.ஐ., அதாவது சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர், ஒரு டிரைவர், ஒரு கான்ஸ்டபிள். வண்டி இப்போது பெரிய கார்தான், ஆனாலும் எங்கள் வாயில் அது ஜீப். யாருக்கு எந்த ஷிப்ட், யாருக்கு லீவு, யார் மகளின் வளைகாப்புக்காக யாரை மாற்றிப் போடுவது, எல்லாம் என் தலையில். ரோட்டில் வைக்கிற கூம்புகள் எண்ணிக்கை சரியா, ஸ்ட்ரெச்சர் மடிப்பு துருப்பிடித்திருக்கிறதா, கயிறு இழை பிரிந்திருக்கிறதா என்று பார்ப்பதும் நான்தான். நசுங்கிய காரில் சிக்கியவரின் சீட் பெல்ட்டை அறுக்க ஒரு கத்தி கொடுத்திருப்பார்கள். ஒருமுறை அதில் உப்பும் மிளகாய்த்தூளும் ஒட்டியிருந்தன. டிரைவர் மாங்காய் நறுக்கியிருக்கிறார். அன்றைக்கு நான் கத்தியது பக்கத்து ஸ்டேஷன் வரைக்கும் கேட்டதாகச் சொன்னார்கள்.

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அது என் ஆட்களுக்குத் தெரியும். கோபம் எவ்வளவு சீக்கிரம் போகும் என்பதும் அவர்களுக்குத் தெரியும், அதுதான் என் கஷ்டம். பாதி வேலை எழுத்து வேலை: எரியாத விளக்குக்குக் கடிதம், குழிக்குக் கடிதம், விபத்துக்கு அறிக்கை. மீதிப் பாதி, சொல்லாமல் கொள்ளாமல் போய் வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறதா என்று பார்ப்பது. பார்த்தால் வண்டியின் டைரியில் சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

இரண்டாம் வண்டியின் எஸ்.எஸ்.ஐ.க்கு அப்போது ஓய்வு பெற ஐந்து மாதம் இருந்தது. மாடம்பாக்கத்துக்காரர். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். மைக்கைத் துடைப்பதற்கென்று சட்டைப்பையில் ஒரு மஞ்சள் துணி வைத்திருப்பார். பேசுமுன் ஒருதரம், பேசிய பின் ஒருதரம் துடைப்பார். விபத்தில் அடிபட்டுக் கிடப்பவரிடம் குனிந்து அவர் கேட்கும் முதல் கேள்வி, "காலைல என்ன சாப்பிட்டீங்க? இட்லியா, தோசையா?" ரத்தம் வழிய ஒருவர் கிடக்கும்போது இதென்ன விசாரணை என்று முதலில் எரிச்சல் பட்டேன். பிறகுதான் கவனித்தேன். அந்தக் கேள்விக்குப் பதில் யோசிக்கிறவர் மயங்குவதில்லை. சட்னி வரைக்கும் சொல்லிவிடுகிறார்கள்.

முப்பத்தைந்து வருட சர்வீஸில் அவர் ஒரு மெமோ கூட வாங்கியதில்லை. இதைத் தன் கல்யாணத்தைப் பற்றிச் சொல்வதைவிடப் பெருமையாகச் சொல்வார். "சுத்தமா வந்தேன், சுத்தமாப் போகணும் மேடம். அது ஒண்ணுதான்." எங்கள் துறையில் இது சாதாரண ஆசை இல்லை. கடைசி நேரத்தில் ஒரு விசாரணை ஒட்டிக்கொண்டால், ஓய்வு நாளன்று மாலை போட ஆள் வரமாட்டார்கள், காகிதங்கள் மேசை மேசையாக உறங்கும், மனிதர் வருடக்கணக்கில் ஆபீஸ் படி ஏற வேண்டும். அப்படி ஏறி இறங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவரும் பார்த்திருக்கிறார்.

இங்கே எங்கள் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எந்த வண்டி எத்தனை மணிக்கு எங்கே நிற்க வேண்டும் என்று ஒரு சார்ட் இருக்கிறது. கன்ட்ரோல் ரூம் காலை ஏழுக்கும் மாலை ஏழுக்கும் வயர்லெஸ்ஸில் ஒவ்வொரு வண்டியாகக் கூப்பிட்டு லொகேஷன் கேட்கும். எங்கள் ஆட்கள் தாங்கள் நிற்கும் இடத்தைச் சொல்லமாட்டார்கள், சார்ட்டில் உள்ள இடத்தைச் சொல்வார்கள். டீக்கடையில் இருந்தாலும், பெட்ரோல் பங்க் வரிசையில் இருந்தாலும் சார்ட்தான். வேறு இடத்தைச் சொன்னால் கன்ட்ரோல் "ஏன்?" என்று கேட்கும், கேட்டால் எழுத வேண்டும். இதைப் பொய் என்று யாரும் நினைத்ததே இல்லை. கல்யாணப் பத்திரிகையில் "சுற்றமும் நட்பும் சூழ" என்று போடுகிற மாதிரி, அது ஒரு வாசகம். வண்டியில் இருந்த காலத்தில் நானும் அப்படித்தான் சொன்னேன். ஜீப்பில் ஜி.பி.எஸ். இருக்கிறது, திரையில் புள்ளியும் தெரியும். ஆனால் ஏதாவது நடந்தால் ஒழிய அந்தப் புள்ளியை யாரும் பார்ப்பதில்லை.

ஒருநாள் காலை, பொழிச்சலூரில் என் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பினேன். ஜீப்பில் போனால் எனக்கு முன்னால் செய்தி போய்விடும். யூனிபார்ம் மேல் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு வண்டலூர் பாலத்து இறக்கத்தில் போய் நின்றேன். ஆறே முக்காலிலிருந்து எட்டு மணி வரை இரண்டாம் வண்டி அங்கே நிற்க வேண்டும். அங்கே ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது. சரியாக ஏழு மணிக்கு என் வாக்கி டாக்கியில் எஸ்.எஸ்.ஐ.யின் கணீர்க் குரல்: "இரண்டாம் வண்டி, பாலத்து இறக்கம், எல்லாம் நார்மல், ஓவர்."

நான் நிற்கிற இடத்தில் தான் நிற்பதாக என் காதிலேயே சொல்கிறார் மனிதர்! எனக்கு உச்சந்தலை சூடாகிவிட்டது. ஸ்கூட்டரைத் திருப்பித் தேடிக்கொண்டே போனேன். பீர்க்கன்கரணை ஏரி கிட்டே வந்ததும் தெரிந்தது ஜீப்பின் சிவப்பு நீல விளக்கு.

அந்த இடத்தில் நடுத்தடுப்பில் முன்பு ஒரு திறப்பு இருந்தது. அதை மூடிப் பல வருடம் ஆகிறது. மூடிய கான்கிரீட் கட்டைகளில் ஒன்றை யாரோ நகர்த்தியிருந்தார்கள், ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு. எங்கள் ஆட்கள் அதைக் 'கேப்' என்பார்கள். ஜீப் சாலைக்குக் குறுக்கே சாய்வாக நின்றது. அதற்கு முன்னால் கூம்புகள் நூல் பிடித்த மாதிரி வரிசையாக. இந்தப் பாதி ரோட்டில் எஸ்.எஸ்.ஐ. இரண்டு கையையும் விரித்து நிற்கிறார், அந்தப் பாதியில் டிரைவர், கூம்புகள் பக்கம் கான்ஸ்டபிள். நடுவில் பத்துப் பதினைந்து பெண்கள், தலையில் மீன் பாத்திரம், தண்ணீர் சொட்டச் சொட்டக் கேப்பில் நுழைந்து கடந்துகொண்டிருந்தார்கள். கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து லோடு ஆட்டோவில் வருகிறவர்கள். ஆட்டோ தாம்பரம் போகும் பக்கத்தில் இறக்கிவிடும். விற்க வேண்டிய தெருக்கள் எதிர்ப்பக்கம்.

கடைசிப் பெண் கடக்கும் வரை வாயை மூடிக்கொண்டிருந்தேன். பிறகு மழைக்கோட்டைக் கழற்றினேன். எஸ்.எஸ்.ஐ. என்னைப் பார்த்து சல்யூட் அடித்தார், முகத்தில் ஈயாடவில்லை.

"எஸ்.எஸ்.ஐ., இதென்ன உங்க வீட்டு வாசலா? ஹைவேல கையை நீட்டி வண்டியை நிறுத்துறீங்க! பின்னால ஒரு லாரிக்குப் பிரேக் பிடிக்கலன்னா யார் பதில் சொல்றது?"

ஏற்கெனவே கடந்து போய்விட்ட ஒரு பெண் திரும்பி வந்தாள். மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி, ஐம்பது வயதிருக்கும்.

"இன்னாம்மா நீ, அந்தாளப் போயி திட்டிகினு கீற? போன வருசம் எங்க ஆளு ஒருத்தி இங்கதான் அடிபட்டா. இடுப்பு போச்சு, இன்னும் வூட்லதான் படுத்துகினு கீறா. அப்பலேர்ந்து இந்த அண்ணன்தான் வந்து நிக்கிறாரு."

"சுரங்கப்பாதை இருக்குல்ல? அதுல போகலாமே?" என்றேன்.

அவள் பாத்திரத்தை இறக்கி என் காலடியில் வைத்தாள். "தூக்கு. தூக்கிகினு ஒரு பத்துப் படி ஏறிக் காட்டு. நாளைலேர்ந்து நான் அதுலயே போறேன்."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. குனிந்து தூக்கினேன். இடுப்பு வரைக்கும் வந்தது, அதற்குமேல் வரமாட்டேன் என்றது. சங்கராவும் காரப்பொடியும் ஒரு பக்கமாகச் சரிந்து, ஐஸ் தண்ணீர் மொத்தமும் என் யூனிபார்மில். டிரைவர் சட்டென்று திரும்பிக்கொண்டு ஏரியைப் பார்த்தார். அவர் தோள் குலுங்கியது எனக்குத் தெரியாமல் இல்லை.

"சரி, நிக்கிறீங்க. மைக்ல ஏன் பாலத்து இறக்கம்னு சொன்னீங்க?" என்று எஸ்.எஸ்.ஐ.யிடம் கேட்டேன். அவர் நிஜமாகவே குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். "சார்ட்ல அதானே மேடம் இருக்கு?"

அந்த இடத்தில் நான் செய்திருக்க வேண்டியது தெளிவு. அந்த நேரத்தை சார்ட்டில் மாற்ற எழுதியிருக்க வேண்டும், இல்லையென்றால் அவரைத் தடுத்திருக்க வேண்டும். நான் இரண்டும் செய்யவில்லை. டைரியைக் கேட்டு வாங்கினேன். சிவப்புப் பேனாவை எடுத்து, "பாலத்து இறக்கத்தில் காலை 7.10க்குச் சோதனை செய்தேன். வண்டியும் ஆட்களும் சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் கையும் அதே பள்ளியில் படித்த கைதானே, அது பாட்டுக்கு சார்ட்டை எழுதிவிட்டது. அவர் பாதிச் சிரிப்போடு டைரியை வாங்கிக்கொண்டார். அன்று முழுக்க ஆபீஸில் என்னிடமிருந்து மீன் வாடை. நான் போகிற பக்கமெல்லாம் அங்கிருந்த பூனை வந்தது.

மூன்று வாரம் கழித்து, காலை ஏழு அடித்துச் சில நிமிடங்களில், பாலத்து இறக்கத்தில் ஒரு ஷேர் ஆட்டோவை லாரி பின்னாலிருந்து இடித்தது. ஆட்டோவில் இருந்த பெரியவர் ஒருவரின் கால் சீட்டுக்கும் கம்பிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. யாரோ போன் செய்தார்கள். கன்ட்ரோல் ரூமில், "எங்கள் வண்டி அங்கேதான் நிற்கிறது, பாருங்கள்" என்று சொல்லியிருக்கிறார்கள். சற்று முன்னால்தான் எஸ்.எஸ்.ஐ. அப்படிச் சொல்லியிருந்தார். அதனால் மிருகக்காட்சிசாலைப் பக்கம் இரண்டு நிமிட தூரத்தில் நின்ற மூன்றாம் வண்டியை யாரும் அனுப்பவில்லை. எங்கள் இரண்டாம் வண்டி கேப்பிலிருந்து கூம்புகளை அள்ளிப் போட்டுக்கொண்டு, காலை நெரிசலில் யூ டர்ன் அடித்துப் போய்ச் சேரப் பன்னிரண்டு நிமிடம் ஆனது. பன்னிரண்டு நிமிடமும் அந்தப் பெரியவர் கால் மாட்டியபடி இருந்தார். உயிருக்கு ஆபத்தில்லை. கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது.

பெரியவரின் மகன் மனு கொடுத்தார். "அங்கேதான் நிற்கிறது என்றார்களே, எங்கே நின்றது?" என்று அதில் ஒரே கேள்வி. ஜி.பி.எஸ். திரையை முதல்முறையாக எல்லோரும் பார்த்தார்கள். புள்ளி ஏரிக்கரையில் இருந்தது. ஒரு வாரத்தில் அறிக்கை வேண்டும் என்று டி.எஸ்.பி. எனக்கு உத்தரவு போட்டார். எஸ்.எஸ்.ஐ.க்கு ஓய்வு பெற அப்போது நான்கு மாதம் சொச்சம்.

அவரும் டிரைவரும் என் அறைக்கு வந்தார்கள். கதவைச் சாத்தியதும் டிரைவர்தான் முதலில் ஆரம்பித்தார். "மேடம், பஞ்சர்னு எழுதிக்கலாம். நான் வேணா இப்பவே டயர்ல ஒரு ஆணி அடிச்சுர்றேன். சின்ன ஆணிதான்."

"வெளியே போங்க," என்றேன். போனார்.

எனக்கு அந்த யோசனை பிடித்திருந்தது. இதை ஒளிக்க விரும்பவில்லை. ஒரு சின்ன ஆணியில் எல்லாம் முடிந்துவிடும் என்று ஒரு நிமிடம் ஆசைப்பட்டேன்.

எஸ்.எஸ்.ஐ. அட்டென்ஷனில் நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "நானாத்தான் போனேன்னு எழுதிக் குடுத்துடறேன் மேடம். மத்தவங்களுக்குத் தெரியாதுன்னு சொல்லிடறேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அந்த டைரி முடிஞ்சு போச்சு. புது டைரி போட்டாச்சு. பழசை யாரும் எடுத்துப் பார்க்கமாட்டாங்க. நீங்க கவலைப்படாதீங்க."

என்னைக் காப்பாற்றுகிறார்! முப்பத்தைந்து வருடமாகப் பொத்திப் பொத்தி வைத்ததை என் ஒரு கையெழுத்துக்காகத் தூக்கிக் கொடுக்கிறார். இப்படி யாராவது செய்தால் எனக்குக் கோபம்தான் வரும். "உங்களை நான் கேட்டனா? போய் வேலையைப் பாருங்க," என்று சத்தம் போட்டு அனுப்பிவிட்டேன்.

மறுநாள் அறிக்கைக்காக அந்தப் பெரியவரைப் பார்க்கப் பெருங்களத்தூருக்குப் போனேன். எஸ்.எஸ்.ஐ.யையும் கூட்டிப்போனேன். விதிப்படி அது தப்பு. ஆனால் மனுவில் இருந்த கேள்வி அவருக்கானது, அவரே நேரில் பதில் சொல்லட்டும் என்று தோன்றியது.

பெரியவர் ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கட்டுப்போட்ட காலைத் தலையணை மேல் வைத்துக் கட்டிலில் சாய்ந்திருந்தார். எஸ்.எஸ்.ஐ.யைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. "நீங்கதானே அன்னிக்கு இட்லியா தோசையான்னு கேட்டது? நான் பொங்கல்னு சொன்னேன்."

"ஆமாங்க ஐயா. வடை இல்லைன்னு வருத்தப்பட்டீங்க."

மகன் சிரிக்கவில்லை. வாசற்படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் அவரைக் குறை சொல்லமாட்டேன்.

எஸ்.எஸ்.ஐ. எல்லாவற்றையும் சொன்னார். மீன்காரப் பெண்கள், கேப், போன வருடம் அடிபட்டவள், சார்ட், ஏழு மணி லொகேஷன். ஒன்றையும் விடவில்லை. சொல்லிவிட்டு, "என்னாலதான் நீங்க அவ்வளவு நேரம் வலியில இருந்தீங்க. மன்னிச்சுக்கணும் ஐயா," என்றார். அந்தப் பெரிய குரல் அன்றைக்குப் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்டிருக்காது.

பெரியவர் கட்டுப்போட்ட காலைத் தலையணை மேல் நகர்த்திச் சரிசெய்தார். "அந்தப் பொம்பளைங்களுக்காக நின்னீங்க, சரி. நான் அதைத் தப்புன்னு சொல்லல. ஆனா ஏரிக்கரையில நிக்கிறேன்னு சொல்றதுக்கு என்ன? சொல்லியிருந்தா வேற வண்டி வந்திருக்குமே! முப்பத்தெட்டு வருசம் ரயில்வேல இருந்தேன். வராத வண்டியை வந்துடுச்சுன்னு ஒருநாள் சொல்லியிருந்தா எத்தனை பேரு செத்திருப்பாங்க தெரியுமா?"

எத்தனை பயிற்சி வகுப்பில் உட்கார்ந்திருக்கிறேன், எத்தனை வகுப்பு நானே எடுத்திருக்கிறேன்! இதை யாரும் இப்படிச் சொன்னதில்லை.

ஆபீஸுக்கு வந்து பழைய டைரியைத் தேடி எடுத்தேன். அறிக்கையை அந்தப் பக்கத்திலிருந்தே ஆரம்பித்தேன்: அந்த வண்டி காலையில் எங்கே நிற்கிறது என்பது மூன்று வாரம் முன்பே எனக்குத் தெரியும், தெரிந்தும் பாலத்து இறக்கத்தில் பார்த்ததாக எழுதியது நான். பக்கத்தின் நகலையும் இணைத்தேன். கேப்பில் அந்த நேரத்தில் ஒரு வண்டி நிற்க வேண்டியது ஏன் அவசியம் என்றும் இரண்டு பக்கம் எழுதினேன். மீன் பாத்திரத்தின் எடையை மட்டும் எழுதவில்லை. எழுதினால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள்.

டி.எஸ்.பி. படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "உங்களை யாரும்மா இதையெல்லாம் எழுதச் சொன்னது? மேற்பார்வை அதிகாரியே சரின்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கும்போது அவர் மேல மட்டும் நான் எப்படி சார்ஜ் போடுவேன்?"

"போட முடியாதுங்க சார்," என்றேன்.

என்னை முறைத்துப் பார்த்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது, காட்டிக்கொள்ளவில்லை.

முடிவு வர மூன்று மாதத்துக்கு மேல் ஆனது. ஒவ்வொரு நாளும் எஸ்.எஸ்.ஐ. என் முகத்தைப் பார்ப்பார், நான் வேறெங்காவது பார்ப்பேன். அவர் மனைவி மாடம்பாக்கம் சிவன் கோயிலில் வேண்டிக்கொண்டதாக டிரைவர் சொன்னார். ஓய்வுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது உத்தரவு வந்தது. அவருக்கு வாய்மொழி எச்சரிக்கை, கோப்பு முடிக்கப்பட்டது. எனக்குப் பணிப்பதிவேட்டில் ஒரு கண்டனம், 'மேற்பார்வையில் கவனக்குறைவு' என்று. பதவி உயர்வு கொஞ்சம் தள்ளிப்போகும். வருத்தம் இல்லை என்று சொன்னால் அதுவும் சார்ட் படிப்பதுதான். இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. ஆனால் அந்த வாசகத்தில் எழுத்துக்கு எழுத்து உண்மை இருந்தது.

சார்ட் அதற்கு முன்பே மாறியிருந்தது. காலை ஆறே முக்காலிலிருந்து ஏழரை வரை இரண்டாம் வண்டி கேப்பில், மூன்றாம் வண்டி பாலத்து இறக்கத்தில். சிக்னல் வேண்டும் என்று கடிதம் எழுதினேன். இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன். எங்கள் மூன்று வண்டிகளுக்கும் ஒரு கட்டளை போட்டேன்: நிற்கிற இடத்தைச் சொல்லுங்கள், எதுவானாலும் சரி, திட்டமாட்டேன். முதல் வாரம் வயர்லெஸ் கேட்கச் சிரிப்பாக இருந்தது. "முதல் வண்டி, டீக்கடை, ஒரு பஜ்ஜி பாக்கி இருக்கு, ஓவர்." "மூன்றாம் வண்டி, டிரைவர் பாத்ரூம் போயிருக்கார், ஓவர்." கன்ட்ரோல் ரூம் பெண் திகைத்துப்போய் என்னைக் கூப்பிட்டு, "மேடம், இவங்களுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாள். டீக்கடை விஷயத்தில் நான் திட்டத்தான் செய்தேன். ஆனால் எது எங்கே இருக்கிறது என்று அந்த ரோட்டில் முதல்முறையாக எனக்குத் தெரிந்தது.

ஓய்வு நாளன்று அவருக்கு மாலை போட்டோம், வரமாட்டார்கள் என்று அவர் பயந்தவர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். மூக்குத்திக்காரப் பெண் இரண்டு பெரிய வஞ்சிரத்தைத் தாமரை இலையில் சுற்றிக் கொண்டுவந்து, "இத்த வூட்ல குடு அண்ணா, இன்னிக்கே ஆக்கிடணும்," என்று அவர் கையில் திணித்தாள். ஓய்வு பெறுகிறவரை அவர் வண்டியிலேயே வீட்டில் கொண்டுபோய் விடுவது எங்கள் வழக்கம். அவரை முன் சீட்டில் உட்காரவைத்து நான் பின்னால் ஏறினேன். கழுத்தில் மாலை, மடியில் வஞ்சிரம்.

மாடம்பாக்கத்தில் கோயிலைத் தாண்டும்போது சாயங்காலம் மணி ஏழு. கன்ட்ரோல் கூப்பிட்டது: "இரண்டாம் வண்டி, லொகேஷன்?" காலை சார்ட்தான் மாறியிருந்தது, மாலையில் எங்களுக்கு இன்னும் பாலத்து இறக்கம்தான். நாங்கள் இருப்பதோ எங்கள் எல்லைக்கே வெளியே, ஒரு தெருவில், ஒரு பசுமாட்டுக்குப் பின்னால். டிரைவர் என்னைக் கண்ணாடியில் பார்த்தார். எஸ்.எஸ்.ஐ. பழக்கத்தில் மைக்கை எடுத்துவிட்டார். மஞ்சள் துணியால் துடைத்தார். ஒரு கணம் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்.

"இரண்டாம் வண்டி. மாடம்பாக்கம், கோயில் பக்கம். ரிட்டயர் ஆகி வீட்டுக்குப் போயிட்டு இருக்கேன். பாலத்து இறக்கம் காலியா இருக்கு. ஓவர்."

நான் பின்சீட்டில் நாளைக்கு எழுத வேண்டிய பதிலை மனதுக்குள் எழுத ஆரம்பித்திருந்தேன். அப்போது மூன்றாம் வண்டியின் குரல் வந்தது.

"பாலத்து இறக்கத்துல நாங்க நிக்கிறோம் ஐயா. நிஜமாவே நிக்கிறோம். நீங்க நிம்மதியா வீட்டுக்குப் போங்க. ஓவர்."

அவர் மைக்கை மாட்டவில்லை. துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார், துடைத்து முடித்துத் தன் கண்ணையும் அதிலேயே துடைத்துக்கொண்டார். நானும் அழுதேன், மறைக்கவில்லை. டிரைவர் மாட்டுக்கு ஹாரன் அடித்தார்.